பழைய லினக்ஸ் பெட்டியில் நேரம் ஒரு நாள் முந்துது, ஒரு நாள் பிந்துது

கேள்வி: காங்கேயத்திலிருந்து ஒரு வாசகர். ஏப்ரல் 6, 2024

எங்க கொப்பரைக் களத்துக்குப் பக்கத்துல எடைமேடை இருக்குதுங்க. அதுல 2008 வாக்குல வாங்குன பென்டியம் டூயல் கோர் கம்ப்யூட்டர். டெபியன் 6-ங்கிற லினக்ஸ். எடை போடுற சாஃப்ட்வேரை எழுதிக் கொடுத்தவர் இப்ப தொழிலிலேயே இல்லை, அதனால ஓஎஸ்ஸை மாத்த பயம். நேரம் ஒழுங்கா நிக்க மாட்டேங்குது. ஒரு நாள் அரை நிமிசம் பின்தங்குது, மறுநாள் இருபது வினாடி முந்துது. மதர்போர்டுல இருக்குற சிமாஸ் பேட்டரி புதுசு போட்டாச்சு. இன்டர்நெட் கிடையாது. மதர்போர்டு போயிருச்சுன்னு ஒருத்தர் சொல்றார். நெசமா?

ஏப்ரல் 6, இரவு

போர்டைத் தூக்கிப் போடாதீர்கள். முதலில் இரண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள்.

உங்கள் பெட்டிக்குள் கடிகாரம் ஒன்றல்ல, இரண்டு. பேட்டரியில் ஓடுவது ஆர்டிசி. பெட்டி அணைந்திருக்கும்போதும் ஓடும். இன்னொன்று லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் நடத்தும் சிஸ்டம் கடிகாரம். பூட் ஆகும்போது ஆர்டிசியை ஒரே ஒரு தடவை பார்த்து நேரத்தை எடுத்துக்கொள்ளும், அதற்கப்புறம் ஷட்டவுன் வரை தன் கணக்கில்தான் ஓடும். எடைச் சீட்டில் அச்சாகும் நேரம் இரண்டாவதன் நேரம்.

சாயங்காலம் அணைக்கும் முன் செல்போனோடு ஒப்பிட்டு எழுதி வையுங்கள். காலையில் போட்டவுடன் பயாஸுக்குள் (லினக்ஸ் ஏறும் முன் வரும் மதர்போர்டின் அமைப்புத் திரை) போய் அங்கே காட்டும் நேரத்தையும் ஒப்பிடுங்கள். ராத்திரியில் பிசகினால் ஆர்டிசி, பகலில் பிசகினால் கெர்னல். இது தெரியாமல் எதைத் தொட்டாலும் வீண்.

ஏப்ரல் 7

பேட்டரியைப் பற்றி மூன்று பேர் எழுதிவிட்டார்கள், அதை முடித்துவிடுவோம்.

சிஆர்2032, 3 வோல்ட் லித்தியம் வில்லை. புதிதில் மல்டிமீட்டர் 3-க்குக் கொஞ்சம் மேலே காட்டும். 2.7-க்குக் கீழே கண்டால் நான் யோசிக்காமல் மாற்றிவிடுவேன். புதிது என்று வாங்கினாலும் ஒரு தடவை அளந்துவிட்டுப் போடுங்கள். கோவையில் ஒரு கடையில் எனக்குக் கொடுத்த வில்லை டிராயருக்குள்ளேயே வயதாகிப்போனது.

நம் பக்கத்து மில், குடோன்களில் ஒரு பழக்கம் உண்டு. கடை சாத்தும்போது மெயினையே இறக்கிவிடுவார்கள். தீ பயம், எலி பயம், நியாயம்தான். ஆனால் சுவரில் கரன்ட் இருக்கும் வரை பெட்டியின் பவர் சப்ளையான எஸ்எம்பிஎஸ் தரும் ஸ்டாண்ட்பை மின்சாரத்தில்தான் ஆர்டிசி ஓடுகிறது. மெயினை இறக்கினால் ராத்திரி முழுக்க வில்லைதான் சுமக்க வேண்டும், அதனால் இங்கே வில்லைகள் சீக்கிரம் தீரும்.

தீர்ந்துபோன வில்லையின் அறிகுறியே வேறு. காலையில் பெட்டி 2008-லோ 2009-லோ போய் நிற்கும். பிரவுசர் எல்லாச் சான்றிதழும் செல்லாது என்று சத்தம் போடும். அரை நிமிடம் முன்னே பின்னே போவது செத்த வில்லையின் வேலை இல்லை.

ஏப்ரல் 9

காங்கேயத்து நண்பர் பார்த்துவிட்டு வந்தார்: "ராத்திரி வித்தியாசம் ரெண்டு வினாடிக்குள்ளதான். பகல்லதான் ஓடுது."

ஆக ஆர்டிசி யோக்கியம், கெர்னல்தான் ஆள். போர்டு போச்சு என்று சொன்னவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

இனிமேல் கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் தமிழ் எழுத்தில்தான் எழுதப் போகிறேன். நீங்கள் தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் 10

எட்சி அடைவில் அட்ஜ்டைம் என்று ஒரு சின்னக் கோப்பு இருக்கும். அதைத் திறந்து பாருங்கள். மூன்று வரி. முதல் வரியின் முதல் எண், ஆர்டிசி ஒரு நாளைக்கு எத்தனை வினாடி பிசகுகிறது என்று ஹெச்டபிள்யூகிளாக் கட்டளை போட்டு வைத்த கணக்கு. இரண்டாம் வரி, கடைசியாக அளவெடுத்த நேரம். மூன்றாம் வரியில், ஆர்டிசியில் ஓடுவது யுடிசியா (உலகப் பொது நேரம்) லோக்கலா (உள்ளூர் நேரம்) என்ற குறிப்பு.

முதல் எண் 5-க்குள் இருந்தால் நம்பலாம். 20, 30 என்று இருந்தால் அது ஆர்டிசியின் குணம் இல்லை, யாரோ தப்பாகச் சொல்லிக் கொடுத்த பாடம்.

ஏப்ரல் 10, சற்று நேரம் கழித்து

"சொல்லிக் கொடுத்தது யாரு?" என்று உடுமலை நண்பர் கேட்கிறார். சிஸ்டம் கடிகாரம்தான், வேறு யார்?

ஷட்டவுனின்போது டெபியன் சிஸ்டம் நேரத்தை ஆர்டிசிக்கு எழுதும். ஹெச்டபிள்யூகிளாக்கின் பழைய பதிப்புகள் அப்படி எழுதும்போதே, போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் என்ன வித்தியாசம் என்று பார்த்துப் பிசகு எண்ணையும் தானாகத் திருத்திவிடும். சிஸ்டம் கடிகாரம் சரி, ஆர்டிசி தப்பு என்பது அதன் நம்பிக்கை. உங்கள் பெட்டியில் நிலைமை தலைகீழ். நன்றாக ஓடிய ஆர்டிசியை, பிசகிய கெர்னல் தினமும் சாயங்காலம் கூப்பிட்டுத் திருத்துகிறது. மறுநாள் பூட்டில் அந்தத் தப்பான எண்ணையும் கூட்டிக்கொண்டு நேரம் போடுகிறது. புதிய பதிப்புகளில் அப்டேட்-டிரிஃப்ட் என்று தனியாகச் சொன்னால்தான் எண்ணைத் தொடும். அதுவும் முந்தைய அளவுக்கு நாலு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும்.

ஏப்ரல் 11

காங்கேயம்: "முதல் எண் 31.7 சொச்சம்."

எதிர்பார்த்ததுதான். அந்தக் கோப்பை இப்போதைக்குத் தொடாதீர்கள், கடைசியில் அழிப்போம். முதலில் கெர்னல் ஏன் உளறுகிறது என்று பார்க்க வேண்டும்.

சிஸ் அடைவுக்குள் டிவைசஸ், சிஸ்டம், கிளாக்சோர்ஸ், கிளாக்சோர்ஸ்0 என்று இறங்குங்கள். கரன்ட் கிளாக்சோர்ஸ் என்ற கோப்பில் இப்போது கெர்னல் எதை வைத்து நேரத்தை எண்ணுகிறது என்றும், அவைலபிள் கிளாக்சோர்ஸில் வேறு எவை கைவசம் உள்ளன என்றும் இருக்கும்.

அப்புறம் வார் அடைவின் லாக் பகுதியில் டிமெசேஜ் கோப்பும், அதன் பழைய பிரதிகளும் இருக்கும். டெபியன் முந்தைய சில பூட்களின் செய்திகளைச் சேர்த்து வைப்பது இந்த மாதிரி நேரத்தில் வரம். ஒவ்வொன்றிலும் "டிடெக்டட் இத்தனை மெகாஹெர்ட்ஸ் பிராசசர்" என்று ஒரு வரி வரும். எல்லாவற்றையும் எழுதி அனுப்புங்கள்.

ஏப்ரல் 14

புத்தாண்டும் அதுவுமாக எடைமேடைக்கு லீவு விட்டுவிட்டு உட்கார்ந்து எழுதி அனுப்பியிருக்கிறார். இப்போதைய கிளாக்சோர்ஸ் டிஎஸ்சி. கைவசம் இருப்பவை டிஎஸ்சி, ஏசிபிஐ பிஎம், ஜிஃபீஸ் என்ற மூன்று எண்ணிகள். பிராசசர் வேகம் ஒரு பூட்டில் 1999.6, இன்னொன்றில் 2000.7, மற்றொன்றில் 2000.1.

கண்டுபிடித்தாயிற்று.

டிஎஸ்சி என்பது பிராசசரின் துடிப்பை எண்ணும் எண்ணி. எண்ணினால் மட்டும் போதாது. வினாடிக்கு எத்தனை துடிப்பு என்று கெர்னலுக்குத் தெரிய வேண்டும். அதை பூட் ஆகும்போது, போர்டில் உள்ள பழைய பிஐடி டைமரோடு கொஞ்ச நேரம் ஓடவிட்டு அளந்துகொள்கிறது. அவசர அளவு அது, பத்து லட்சத்துக்கு ஐந்நூறு பங்கு துல்லியம் வந்தால் போதும் என்று எழுதப்பட்டது. பத்து லட்சத்துக்கு 500 என்றால் ஒரு நாளைக்கு 43.2 வினாடி!

நண்பரின் எண்களை வைத்துப் பாருங்கள். உண்மை வேகம் 2000.1 என்று வைத்துக்கொண்டால், 2000.7 என்று நினைத்த நாளில் கெர்னல் ஒரு வினாடி முடிய ஆறு லட்சம் துடிப்பு கூடுதலாகக் காத்திருக்கும். பத்து லட்சத்துக்கு 300, நாளுக்கு சுமார் 26 வினாடி பின்னடைவு. 1999.6 என்று நினைத்த நாளில் 250, அதாவது சுமார் 22 வினாடி முந்தல். "ஒரு நாள் அரை நிமிசம் பின்ன, மறுநாள் இருபது வினாடி முன்ன" என்று அவர் முதல் நாளே சொன்னது அச்சு அசலாக இதுதான். 

டெபியன் 6-இல் இருக்கும் 2.6.32 போன்ற கெர்னல்களில் அந்த அவசர அளவுதான் கடைசி அளவு. அதற்குப் பின் வந்தவை பூட் முடிந்த பிறகு ஏசிபிஐ பிஎம், ஹெச்பிஇடி என்ற போர்டு டைமர்களில் ஒன்றை வைத்து நிதானமாக இன்னொரு தடவை அளக்கின்றன. "ரிஃபைன்டு டிஎஸ்சி" என்று ஒரு வரி வரும். அந்த வரி வந்தால் இந்த நோய் இல்லை.

ஏப்ரல் 14, மாலை

"அட்ஜ்டைமெக்ஸ் போட்டு டிக்கை மாத்தினா போதுமே, இவ்வளவு கதை எதுக்கு?" என்று பெருந்துறையிலிருந்து ஒருவர்.

கெர்னல் கடிகாரத்தின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் நல்ல கருவிதான். அதில் டிக் என்ற எண் வழக்கமாக 10000. ஒன்று கூட்டினால் பத்து லட்சத்துக்கு 100, நாளுக்கு 8.64 வினாடி. அதற்கும் நுணுக்கமாகத் திருத்த ஃப்ரீக்வென்சி எண் இருக்கிறது, 65536 போட்டால் பத்து லட்சத்துக்கு ஒன்று. ஆனால் அது நிலையான பிசகுக்கான மருந்து. தினமும் பத்து நிமிடம் லேட்டாக வரும் டவுன் பஸ்ஸை நம்பி வீட்டிலிருந்து கிளம்பலாம். ஒரு நாள் முன்னாடியும் ஒரு நாள் பின்னாடியும் வருகிற பஸ்ஸுக்கு என்ன கணக்குப் போடுவீர்கள்? இன்று 26 வினாடிக்குத் திருத்தினால் நாளை பூட்டில் 48 வினாடி முந்தும்.

பிசகு எவ்வளவு என்பதை விட அது நிலையானதா என்பதுதான் எனக்கு முதல் கேள்வி. 40 வினாடி நிலையாகப் பிசகும் பெட்டியை அரை மணி நேரத்தில் சரி செய்யலாம். 4 வினாடி தாறுமாறாக ஆடும் பெட்டி தலைவலி.

ஏப்ரல் 15

செய்ய வேண்டியது இது. ரூட்டாக அந்தக் கரன்ட் கிளாக்சோர்ஸ் கோப்பில் ஏசிபிஐ பிஎம் என்று எழுதுங்கள். உடனே மாறும், ரீஸ்டார்ட் வேண்டாம். ஒரு நாள் ஓடவிட்டுத் திருப்தியானால், எட்சியின் டீஃபால்ட் அடைவில் உள்ள கிரப் கோப்பில் கெர்னல் வரியோடு கிளாக்சோர்ஸ்=ஏசிபிஐ பிஎம் என்று சேர்த்து அப்டேட்-கிரப் கொடுங்கள்.

ஏசிபிஐ பிஎம் டைமருக்கு வேகம் 3.579545 மெகாஹெர்ட்ஸ் என்று விதிப்படியே நிர்ணயம். போர்டில் உள்ள 14.318 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலை நாலால் வகுத்தது. பூட்டுக்குப் பூட்டு யாரும் அளக்க வேண்டியதில்லை. கிரிஸ்டல் செய்தபோதே இருந்த பிழை மட்டும் மிஞ்சும், அது நாளுக்கு நாள் அதிகம் மாறாது.

இதில் ஒரு குறை: அதைப் படிக்க டிஎஸ்சியை விட நிறைய நேரம் பிடிக்கும். வினாடிக்கு லட்சம் தடவை நேரம் கேட்கும் டேட்டாபேஸ் சர்வராக இருந்தால் வேண்டாம் என்பேன். லாரி ஏறி இறங்கும் இடைவெளியில் ஒரு சீட்டு அடிக்கும் பெட்டிக்குக் கவலையே இல்லை.

உடுமலை நண்பருக்கு: உங்கள் பெட்டியில் ஹெச்பிஇடி பட்டியலில் இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளலாம்.

ஏப்ரல் 21

காங்கேயம்: "ஒரு வாரமா நாளுக்கு மூணு வினாடி பின்தங்குது. ஒரே மாதிரி. முந்தவே இல்லை."

மூன்று வினாடி, பத்து லட்சத்துக்கு 35. இப்போது பெருந்துறைக்காரரின் மருந்தான அட்ஜ்டைமெக்ஸ் வேலை செய்யும். ஃப்ரீக்வென்சி எண்ணுக்கு, பின்தங்குவதால் கூட்டல் குறி: 35 பெருக்கல் 65536, ஆக 2293760. டிக் 10000-லேயே இருக்கட்டும். ரீஸ்டார்ட் ஆனால் இது மறந்துபோகும். அட்ஜ்டைமெக்ஸ் தொகுப்பை நிறுவினால் எட்சியின் டீஃபால்ட் அடைவில் அதன் பெயரிலேயே ஒரு கோப்பு வரும், எண்ணை அதில் எழுதி வையுங்கள். டெபியன் 6 தொகுப்புகள் வழக்கமான இடத்தில் இல்லை, ஆர்கைவ் தளத்தில் இருக்கின்றன. வேறு கம்ப்யூட்டரில் இறக்கி பென்டிரைவில் கொண்டுபோக வேண்டியதுதான்.

அப்புறம் அந்த 31.7. நேரத்தைச் சரியாக வைத்துவிட்டு, அட்ஜ்டைம் கோப்பை அழித்து, ஹெச்டபிள்யூகிளாக் கட்டளையில் யுடிசி என்றும் சொல்லி, சிஸ்டம் நேரத்தை ஆர்டிசிக்கு எழுதும் சிஸ்டோஹெச்சி போடுங்கள். புதுக் கோப்பு சுத்தமாக உருவாகும். இனி அது படிக்கும் பாடமும் சரியாக இருக்கும்.

ஏப்ரல் 22

சீட்டைப் பற்றி கேட்காமலேயே ஒன்று சொல்கிறேன், சோமனூரில் மச்சானின் தறிக் குடோனில் பட்ட அனுபவம். அங்கே ஷிப்ட் வருகைப் பதிவு ஒரு பழைய லினக்ஸ் பெட்டியில். யாரோ மதியம் நேரத்தைப் பின்னால் தள்ளி வைத்துவிட்டார்கள். அன்றைக்கு ஒருவர் வேலைக்கு வருவதற்கு முன்பே வீட்டுக்குப் போயிருந்தார், ஏட்டில். சம்பளத்தன்று பெரிய பேச்சு.

எடைமேடையில் இது இன்னும் மோசம். லோடு எடைக்கு ஒரு நேரம், காலி வண்டி எடைக்கு ஒரு நேரம், இரண்டும் ஒரே சீட்டில். நடுவில் கடிகாரத்தைப் பின்னால் இழுத்தால் வண்டி வெளியே போன பிறகு உள்ளே வந்ததாகச் சீட்டு சொல்லும். சரக்கு வாங்குபவர் விடுவாரா?

வேலை நேரத்தில் முன்னால் தள்ளுவதைக் கூடப் பொறுக்கலாம், பின்னால் இழுக்கவே கூடாது. சின்னப் பிழையென்றால் கடிகாரத்தைக் கொஞ்சம் மெதுவாக ஓடவிட்டு உண்மை நேரம் வந்து சேரும்வரை விட்டுப் பிடிக்கலாம். கெர்னலின் சாதாரண வழியில் இந்த வேகம் பத்து லட்சத்துக்கு 500 தான், ஒரு நிமிடத்தைச் சரிக்கட்ட 33 மணி நேரம் 20 நிமிடம். நேரத்தை ஒத்திசைக்கும் மென்பொருளான க்ரோனி இதற்கென்று வைத்திருக்கும் உச்ச வரம்பு பத்து லட்சத்துக்கு 83333. பன்னிரண்டே நிமிடத்தில் அதே ஒரு நிமிடம் கரைந்துவிடும்.

சீட்டுகளை வரிசைப்படுத்தும்போது நேரத்தை நம்பாமல் சீட்டு எண்ணை நம்புங்கள். எண் பின்னால் போகாது.

மே 5

கத்திரி தொடங்கிவிட்டது. "தகரக் கூரைக்கு அடியில பெட்டி கொதிக்குது, நேரம் மாறுமா?" என்று கேட்டிருக்கிறார் காங்கேயத்தார்.

மாறும். ஆனால் இரண்டு கடிகாரமும் ஒரே மாதிரி மாறாது. ஆர்டிசியில் உள்ளது கைக்கடிகாரங்களில் இருக்கும் அதே 32768 ஹெர்ட்ஸ் கிரிஸ்டல். இரண்டின் பதினைந்தாம் அடுக்கு என்பதால், பதினைந்து தடவை இரண்டால் வகுத்தால் வினாடிக்கு ஒரு துடிப்பு கிடைக்கும். குட்டி இசைக்கவை வடிவம். 25 டிகிரியை ஒட்டித்தான் அது அதிவேகமாக ஓடும். அங்கிருந்து விலகினால், விலகலின் வர்க்கத்தை 0.034-ஆல் பெருக்கிய அளவு, பத்து லட்சத்தில், மெதுவாகும். பெட்டிக்குள் 45 டிகிரி என்றால் 20-இன் வர்க்கம் 400, பெருக்கினால் 13.6, நாளுக்கு 1.2 வினாடி. 55 டிகிரியில் 2.6 வினாடி.

வேடிக்கை என்னவென்றால் குளிர்ந்தாலும் அதே கதைதான். மேலே ஊட்டியில் 5 டிகிரிக் குளிரில் நடுங்கும் கடிகாரமும், கீழே காங்கேயத்தில் 45 டிகிரியில் வேகும் கடிகாரமும் ஒரே அளவு பின்தங்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கச்சிதமாக ஒத்துப்போகும், இரண்டும் தப்பு.

14.318 கிரிஸ்டல் வேறு விதமாக வெட்டியது, சூட்டுக்கு இவ்வளவு அசையாது. ஏசிபிஐ பிஎம்மில் போட்டு வைத்த திருத்தம் கோடையிலும் பெரிதாகக் கெடாது என்று நினைக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள்.

மே 6

விண்டோஸும் லினக்ஸும் ஒரே பெட்டியில் வைத்திருக்கும் பொள்ளாச்சி நண்பருக்குச் சுருக்கமாக: வித்தியாசம் அச்சாக ஐந்தரை மணி நேரம் என்றால் அது பிசகே இல்லை. விண்டோஸ் ஆர்டிசியை உள்ளூர் நேரத்தில் வைக்கும், லினக்ஸ் யுடிசி என்று படிக்கும். காலை 10 மணி பிற்பகல் 3:30 ஆகிவிடும். விண்டோஸ் ரிஜிஸ்ட்ரியில் ரியல்டைம் ஈஸ் யுனிவர்சல் என்று ஒரு மதிப்பு சேர்த்து 1 போடுங்கள். லினக்ஸை லோக்கலுக்கு மாற்றும் வழியும் உண்டு, எனக்குப் பிடிக்காது.

மே 19

இன்டர்நெட் இல்லாத இடத்துக்கு என்ன வழி என்று பலர் கேட்டுவிட்டார்கள். நிரந்தர இணைப்பு வேண்டியதில்லை. காலையில் செல்போனை யூஎஸ்பியில் செருகி டெதரிங் போட்டு டீ குடித்து முடிக்கும் வரை விட்டால் போதும். இப்படி விட்டு விட்டு வரும் இணைப்புக்கு க்ரோனி நன்றாகப் பொருந்தும். கிடைத்த நேரத்தில் பிசகைக் கணித்து, டிரிஃப்ட் கோப்பில் எழுதி வைத்துக்கொண்டு, இணைப்பு போன பிறகும் அந்தத் திருத்தத்தோடு ஓடும். க்ரோனி வந்தால் அட்ஜ்டைமெக்ஸ் கோப்பில் போட்ட எண்ணை எடுத்துவிடுங்கள். ஒரு வீட்டுக்கு இரண்டு பெரியப்பா வேண்டாம்.

நேரம் கேட்கும் சர்வருக்கு, பொது நேர சர்வர்களின் தொகுப்பான பூலின் இந்திய முகவரிகள் போதும். அரசு தரப்பில் என்ஐசியின் (தேசிய தகவலியல் மையம்) சமய் சர்வர்களும் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் சர்வரும் இருக்கின்றன. இந்திய நேரத்தைப் பராமரிப்பது அந்த ஆய்வகம்தான். 2022 ஏப்ரல் 28-இல் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவு, நிறுவனங்கள் இந்த இரண்டில் ஒன்றோடு, அல்லது இவற்றோடு தொடர்புபடுத்தக்கூடிய சர்வர்களோடு நேரத்தை ஒத்திசைக்கச் சொல்கிறது.

செல்போனும் கிடையாதா? க்ரோனி அமைப்பில் மேனுவல் என்று ஒரு வரி சேர்த்துவிட்டு, அதன் கட்டளையான க்ரோனிசியில் செட்டைம் கொடுத்து கையால் நேரம் சொல்லலாம். சில நாள் இடைவெளியில் சொல்லச் சொல்ல, அதுவே பிசகைக் கணக்கிட்டுக்கொள்ளும். டிவியைப் பார்த்துச் சொல்லாதீர்கள், டிஷ்ஷில் வரும் படம் சில வினாடி தாமதம்.

மே 20

க்ரோனிக்குப் பதில் பழைய என்டிபிடி மென்பொருள் போதாதா என்று ஒரு கேள்வி. நெட்வொர்க் வழியே நேரத்தை ஒத்திசைக்கும் என்டிபி முறையை டேவிட் மில்ஸ் எழுதியது 1985-லேயே. 2024 ஜனவரியில் மறைந்தார். இன்று உலகம் ஒரே நேரத்தில் ஓடுவது பெரும்பாலும் அவர் புண்ணியம். ஆனால் அவர் வழிவந்த என்டிபிடிக்கு வரம்புகள் உண்டு. பத்து லட்சத்துக்கு 500-க்கு மேல் பிசகும் கடிகாரத்தை அதனால் பிடிக்க முடியாது. ஆயிரம் வினாடிக்கு மேல் வித்தியாசம் கண்டால் பயந்து நின்றுவிடும், தொடக்கத்தில் ஒரு தடவை மட்டும் பொறுத்துக்கொள்ள ஜி என்ற விருப்பம் கொடுக்க வேண்டும். எப்போதும் இணைப்பில் இருக்கும் சர்வருக்கு அது போதும்.

இன்னொன்று. என்டிபி ஒத்திசைவில் இருக்கும்போது கெர்னலே 11 நிமிடத்துக்கு ஒரு தடவை ஆர்டிசியைத் திருத்தும். க்ரோனியில் இதற்கு ஆர்டிசிசிங்க் என்ற வரி. அது ஓடும்போது ஏப்ரல் 10-இல் சொன்ன பிசகு எண்ணுக்கு அர்த்தம் போய்விடும், ஆர்டிசியைத்தான் ஓயாமல் திருத்திக்கொண்டிருக்கிறோமே. ராத்திரி முழுக்க அணைந்திருக்கும் பெட்டிக்கு ஆர்டிசிஃபைல் வழி மேல்: க்ரோனியே ஆர்டிசியின் பிசகையும் அளந்து வைத்துக்கொள்ளும். இரண்டையும் ஒன்றாகப் போட முடியாது, ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

ஜூன் 2

விஷயம் கொஞ்சம் விலகுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். "எங்க தாத்தா நிழலைப் பார்த்து மணி சொல்வார், கம்ப்யூட்டரை விடச் சரியா இருக்கும்" என்று கோபியிலிருந்து ஒரு வாசகர்.

தாத்தா சொன்ன மணி எந்த மணி? இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு உரியது. கோவை 77 டிகிரியை ஒட்டி இருக்கிறது. ஒரு டிகிரிக்கு நாலு நிமிடம், ஆக கோவையில் சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாக 12:22-க்கு. ஈரோட்டில் சுமார் 12:19. அதுவும் சராசரிதான், பருவத்துக்குப் பருவம் கால் மணி நேரம் வரை முன்னே பின்னே போகும். 1906-இல் இந்திய நேரம் வருவதற்கு முன் ரயிலுக்கு மெட்ராஸ் நேரம், ஊருக்கு ஊர் நேரம்.

கரன்டில் ஓடும் பழைய மேஜைக் கடிகாரங்களையும் சிலர் நினைவுபடுத்தினார்கள். அவற்றில் கிரிஸ்டல் இல்லாத ரகம் 50 ஹெர்ட்ஸை எண்ணியே ஓடும். மின்தொகுப்பான கிரிட் 49-இல் ஓடினால் நாளுக்கு 28 நிமிடம் 48 வினாடி பின்தங்கும். 2000-க்கு முன்னால் தென்னகக் கிரிட்டில் 50-க்குக் கீழே இறங்குவது வழக்கம்தான். 2013 டிசம்பர் 31-இல் தென்னகக் கிரிட் தேசியக் கிரிட்டோடு இணைந்தது. இப்போது அந்தக் கடிகாரம் வீட்டில் இருந்தால் போட்டுப் பாருங்கள், மரியாதையாக ஓடும்.

சரி, பெட்டிக்கு வருவோம்.

ஜூலை 21

ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசத் தொடங்கிவிட்டது. காங்கேயத்துக் கணக்கும் வந்துவிட்டது: கத்திரியில் ராத்திரி வித்தியாசம் ரெண்டு வினாடிக்கும் கொஞ்சம் மேல், இப்போது ஒரு வினாடிக்கு உள்ளே. பகல் பிசகு இரண்டு காலத்திலும் ஒன்றுதான்.

மே 5-இல் சொன்னதோடு ஒத்துப்போகிறது, ஆனால் ஒன்று சேர்க்க வேண்டும். ராத்திரியில் பெட்டி அணைந்து ஆறிவிடுகிறது. 45 டிகிரிக் கணக்கை முழு ராத்திரிக்கும் போட முடியாது, சாயங்காலச் சூடு இறங்கும் வரைதான். அது மட்டும் இரண்டு வினாடியை விளக்காது. கிரிஸ்டலுக்குப் பிறவியிலேயே பத்து லட்சத்துக்கு 20 வரை பிழை இருக்கலாம், நாளுக்கு 1.7 வினாடி. இரண்டும் சேர்ந்த கணக்காக இருக்கலாம். காலையில் செல்போன் செருகியதும் க்ரோனி அதைத் துடைத்துவிடுவதால் இதற்கு மேல் நோண்ட வேண்டியதில்லை.

ஆகஸ்ட் 4

பல்லடத்திலிருந்து கடைசியாக ஒரு கேள்வி: கோழிப் பண்ணையில் விளக்கு போட்டு அணைக்க ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டர் வைத்திருக்கிறார், கரன்ட் போய் வந்தால் நேரம் பின்னால் போய்விடுகிறது.

பை 5-க்கு முந்தையவற்றில் ஆர்டிசியே கிடையாது. அதற்குப் பதில் ஃபேக் ஹெச்டபிள்யூகிளாக் என்ற நிரல் மணிக்கு ஒரு தடவை நேரத்தைக் கார்டில் எழுதி வைத்து, பூட்டில் அதையே எடுக்கிறது. கரன்ட் போன நேரம் முழுக்கக் கணக்கில் வராது. டிஎஸ்3231 என்ற ஆர்டிசி மாட்யூல் ஒன்று வாங்கிச் செருகுங்கள். அதற்குள் வெப்பத்துக்கு ஏற்பத் தானே திருத்திக்கொள்ளும் கிரிஸ்டல் இருக்கிறது, 0 முதல் 40 டிகிரி வரை பத்து லட்சத்துக்கு 2, வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம்.

வாங்கும்போது பலகையைத் திருப்பிப் பாருங்கள். மலிவாகக் கிடைக்கும் இசட்எஸ்-042 என்ற பலகையில் வில்லையை சார்ஜ் செய்யும் சுற்று இருக்கும். அது சார்ஜ் ஏறும் எல்ஐஆர்2032-க்கானது. சாதாரண சிஆர்2032-ஐப் போட்டு 5 வோல்ட் கொடுத்தால் வில்லை வீங்கும். சார்ஜ் பாதையில் உள்ள டயோடையோ 200 ஓம் ரெசிஸ்டரையோ கழற்றிவிட்டு சிஆர்2032 போடுங்கள். சால்டரிங் தெரியாவிட்டால் பக்கத்து செல்போன் சர்வீஸ் கடையில் ரெண்டு நிமிட வேலை.